பைவால்வ் துறையின் கறுப்பு வெள்ளைச் சாசனம்

நியூ ஜெர்சி மாநிலத்தில் குடியேறிய நம்மவர்களுள் பெரும்பாலோர்க்கு அம்மாநிலம் என்றவுடன் எடிசன் நகரமும், காலை ரயிலும், நியூயார்க்கின் அண்மையுமே நினைவுக்கு வரும். அதன் தென்கோடியில், மாரிஸ் நதி டெலவேர் விரிகுடாவில் கலக்குமிடத்துக்கருகே பைவால்வ் என்றொரு துறை உண்டென்பதையும், 1870-களில் இருப்புப்பாதை வந்தபின் அங்கிருந்து பெருநகரங்களுக்கு வண்டி வண்டியாகச் சிப்பிகள் சென்றன என்பதையும் அறிந்தோர் மிகச் சிலரே.

அத்துறைக்கு 1938 அக்டோபரில், சிப்பி வாரும் பருவத்தில், ஆர்தர் ராத்ஸ்டீன் என்ற 23 வயது இளைஞர் காமிராவுடன் வந்தார். கொலம்பியா சர்வகலாசாலையில் தமக்கு ஆசிரியராயிருந்த ராய் ஸ்டிரைக்கரின் கீழ், விவசாயிகளின் நிவாரணத்துக்கென ரூஸ்வெல்ட் சர்க்கார் நிறுவியிருந்த பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகத்தில் அவர் உத்தியோகம் பார்த்துவந்தார். சர்க்கார் திட்டங்களுக்கு ஜனங்களின் ஆதரவைத் திரட்டுவதே அந்த இலாகா படமெடுத்ததன் நோக்கம். பிரசாரத்துக்காக எடுத்த படம் சரித்திரத்துக்கு உதவாது என்பாரும் உண்டு. நான் அக்கட்சியைச் சேர்ந்தவன் அல்லேன். எடுத்தவர் எந்த எண்ணத்தோடு எடுத்திருப்பினும், காமிராவின் முன் நின்ற கயிறும் பாயும் கையும் பொய் சொல்வதில்லை.

அத்தொழில் நடந்த விதம் இது. பற்கள் வைத்த இரும்புச் சட்டத்தோடு வளையங்களால் பின்னிய பையைக் கோத்து, அந்த வாரியை விரிகுடாவின் அடித்தரையில் இழுத்துச் சென்று, மேலே தூக்கித் தளத்தில் கொட்டுவார்கள். ஆட்கள் அக்குவியலைச் சூழ்ந்து குனிந்து நின்று, நல்ல சிப்பியைப் பொறுக்கிக்கொண்டு, வெற்று ஓட்டையும் குஞ்சுகளையும் மீண்டும் நீரிலேயே தள்ளுவார்கள். அந்த ஓடு வெறும் குப்பையன்று. நீரில் மிதந்தலையும் சிப்பிக்குஞ்சு பற்றி வளர்வதற்கு அத்தகைய கடினமான பிடிமானம் வேண்டும். விரிகுடாவின் மேற்பகுதியிலுள்ள இயற்கைப் படுகைகளில் வசந்த காலத்தில் இளஞ்சிப்பிகளை வாரிவந்து, கீழ்ப்பகுதியில் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் விதைப்பது வழக்கம். அவ்வியற்கைப் படுகைகள் ஒரேயடியாகச் சூறையாடப்படாதிருக்க, அங்கே பாய்மரக் கப்பல்களையன்றி இயந்திரப் படகுகளைக் கொண்டு வாரலாகாது என்று மாநிலச் சட்டம் தடுத்திருந்தது. 1945-இல் அத்தடை நீங்கவே, கப்பல்கள் பாயையும் மரத்தையும் இழந்தன. ஆகவே ராத்ஸ்டீன் வந்தது பாய்மர யுகத்தின் அந்திம தசையில்.

கரையில் ஓடு உடைக்கும் கொட்டகைகளில், மேரிலாண்டின் செசபீக் கரையோரத்திலிருந்து பிழைப்புக்கு வந்த கறுப்பின ஜனங்கள், ஆளுக்கொரு அடைப்பில் நாள் முழுதும் நின்று, கத்தியால் ஓட்டை நெம்பிச் சதையை எடுத்து, காலன் கணக்கில் கூலி பெற்றார்கள். சிப்பி முதலாளிகளின் செல்வம் பேர்பெற்றது. இவர்கள் குடியிருந்ததோ சதுப்பு நிலத்தோரத்து வரிசை வீடுகளில்.

ஸ்டிரைக்கரிடம் ஒரு விபரீத வழக்கம் இருந்தது. தமக்குப் பிடிக்காத நெகடிவில் துளை போட்டுவிடுவார். அதை இன்று பிரதி எடுத்தால், ஒரு மனிதன் முகத்தின்மீதோ வானத்திலோ கன்னங்கரிய வட்டம் ஒன்று விழும். அதைவிட என்னை வருத்துவது வேறொன்று. 1911-இல் மிஸிஸிப்பியின் பிலாக்ஸியில் சிப்பி உடைத்த குழந்தைகளைப் படமெடுத்த லூயிஸ் ஹைன், அவர்களுடைய பெயரையும் வயதையும் கேட்டு எழுதிக்கொண்டார். பின்வந்த இந்தச் சர்க்கார் படங்களிலோ பெரும்பாலும் தொழிலும் ஊரும் உண்டு, ஆளின் பெயர் இல்லை. கலைத்திறனில் ராத்ஸ்டீன் குறைந்தவர் அல்லர். எனினும் இவ்விஷயத்தில் ஹைனே பெரியவர்.

1957-இல் டெலவேர் விரிகுடாவில் எம்.எஸ்.எக்ஸ். என்னும் ஒட்டுண்ணி நோய் தோன்றியது. மனிதருக்குத் தீங்கு செய்யாத அந்நோய், சில ஆண்டுகளுக்குள் விதைத்த சிப்பிகளில் மிகப் பெரும்பகுதியை அழிக்க, கொட்டகைகள் ஒவ்வொன்றாக மூடின. 1928-இல் கட்டப்பட்ட மீர்வால்ட் என்ற சிப்பிக் கப்பல், மராமத்தான பின் 1998-இல் மாநிலத்தின் அதிகாரபூர்வப் பாய்மரக் கப்பலாயிற்று.

அந்த இலாகாவின் படங்கள் வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்தில் யாவரும் காணக் கிடைக்கின்றன. நியூ ஜெர்சி அன்பர்கள் அவற்றைப் பார்த்துவிட்டு ஒரு விடுமுறை நாளில் பைவால்வுக்கும் போய்வரலாம். தூத்துக்குடிக் கடலில் சங்கு குளிப்போரைப் படமெடுக்கும் நம் இளைஞர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: படத்தோடு அவர்களுடைய பெயரையும் ஊரையும், அவர்கள் சம்மதத்துடன், கேட்டு எழுதிவையுங்கள்.