ஆறு கார்கள் ஓடிய பந்தயம்

மோட்டார் பந்தயத்தில் வேகமே யாவும் என்று எண்ணுவோர் பலர். 2005 ஜூன் 19 அன்று அமெரிக்காவின் இண்டியானாபொலிசில் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயத்தை அதற்கு மறுப்பாகக் காட்டுவேன்.

பயிற்சியின்போது, சாய்வாக உயர்த்திக் கட்டப்பட்ட பதின்மூன்றாம் வளைவில் மிஷெலின் டயர் பழுதுற்று, ரால்ஃப் ஷூமாக்கரின் கார் சுவரில் மோதியது. அவ்வளைவில் வேகத்தைக் குறைக்காவிடில் தம் டயர்கள் தாங்கா என அந்நிறுவனத்தாரே அறிவித்தனர். அவ்வாண்டு விதிப்படி பந்தயத்திடையே டயர் மாற்றவும் இயலாது. பாதையை மாற்றச் சர்வதேச மோட்டார் சம்மேளனம் இசையவில்லை.

அணிவகுப்புச் சுற்று முடிந்ததும் 14 கார்கள் விலகின. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் பூட்டிய 6 கார்களே ஓடின. மைக்கேல் ஷூமாக்கர் வென்றார். பார்வையாளரோ ஏமாந்து கூச்சலிட்டனர்.

பந்தயத்தின் சுவை கெட்டது உண்மையே. ஆயினும் விலகியவர்களைக் கோழைகள் என்று நான் சொல்லேன். தாங்காது என்று அறிந்த பின்னும் ஓட்டுவது வீரமன்று.