டீசல் ஹீட்டர் (கேம்பர் வேன்)
ஐரோப்பியக் குளிரில் வேனிலேயே தங்கிப் பயணிப்போர் பொருத்திக்கொள்ளும் வெப்பக் கருவி. பெரும்பாலும் 12 வோல்ட். ஜெர்மனியின் வெபாஸ்டோ, எபர்ஷ்பெகர் தயாரிப்புகள் பெயர்பெற்றவை. எரிபுகை தனிக் குழாயில் வெளியேறும். உள்ளே வருவது சூடான காற்று மட்டுமே.

டீசலைப் பற்றவைக்கும் குளோ பிளக் தொடக்கத்தில் சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். ஆகவே பழுதென்றால் முதலில் பேட்டரி, ஹீட்டரைக் கழற்றுவது அப்புறம். சும்மா இருக்கையில் 12.5 வோல்ட் காட்டும் பேட்டரியானாலும், வயர் மெல்லியதாக இருந்தால், சுமை ஏறியதும் ஹீட்டருக்குக் கிடைக்கும் வோல்டேஜ் சரிந்துவிடும். பற்ற முயலும் அந்த நேரத்தில், ஹீட்டரின் இணைப்பிலேயே மீட்டரை வைக்க வேண்டும். டீசல் பம்ப் ‘டிக் டிக்’ என்று அடித்தும் வெண்புகைதான் வருகிறதா? டீசல் வருகிறது, பற்றவில்லை. ஹீட்டரை எப்போதும் குறைந்த சூட்டிலேயே ஓட்டினால் உள்ளே கரி படியும். புகைக்குழாய் இணைப்பு கசிந்தால், மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு படுக்கைவரை வந்துவிடலாம்.