மருத்துவக் கொடுப்பனவும் கணனிமயமாக்கமும்: ஐக்கிய அமெரிக்க அனுபவம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தொழில்நுட்ப மாற்றமொன்று செலவைக் குறைக்கும் எனக் கூறப்படும்போது, எவ்வகைச் செலவு, யாருடைய செலவு என்னும் வினாக்களை எழுப்புவது ஆய்வாளரின் கடமையாகும். ஐக்கிய அமெரிக்காவில் காகித விலைச்சிட்டையின் இடத்தைக் கணனிவழிக் கோரிக்கை பெற்ற வரலாறு இவ்வகையில் மனங்கொளத்தக்கது.

அந்நாட்டிலே நோயாளிக்கும் வைத்தியருக்கும் இடையில் பல தனியார் காப்புறுதிக் கம்பனிகள் நிற்கின்றன. முதியோருக்கான மெடிகெயர் என்னும் அரச திட்டம் 1965இல் சட்டமான பின்னரும் இந்நிலை மாறவில்லை. கம்பனிக்கொரு படிவம், படிவத்துக்கொரு விதி என்பதே வழக்கமாயிற்று. கணனிவழி அனுப்பப்பட்ட கோரிக்கைகள்கூட ஏறத்தாழ 400 வேறுபட்ட அமைப்புக்களில் இருந்தன. இவற்றை ஒருமைப்படுத்த 1996ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. 2000ஆம் ஆண்டில் வெளியான விதிகள், பத்தாண்டுகளில் தேறிய சேமிப்பு 2,990 கோடி டொலராகும் என மதிப்பிட்டன. 2003 ஒக்ரோபர் முதல், சிறிய நிலையங்கள் முதலான சில புறநடைகள் தவிர, மெடிகெயர் காகிதக் கோரிக்கைகளை ஏற்கவில்லை.

தபால், தட்டச்சு, மீள்பதிவு ஆகியவற்றில் ஏற்பட்ட சேமிப்பு உண்மையானதே. ஆயின் மொத்த நிருவாகச் செலவு குறைந்ததா? வூல்ஹான்ட்லர், ஹிமெல்ஸ்ரைன் முதலியோரின் ஆய்வுகளின்படி, 1999இல் அந்நாட்டு மருத்துவச் செலவில் 31 வீதமாயிருந்த நிருவாகப் பங்கு, 2017இல் 34.2 வீதமாக உயர்ந்தது. தனியார் காப்புறுதியாளரின் மேந்தலைச் செலவே இவ்வுயர்வுக்குப் பிரதான காரணமாகும். அரச காப்புறுதியே நிலவும் கனடாவிலோ அப்பங்கு 2017இல் 17 வீதமே. டியூக் பல்கலைக்கழக மருத்துவ அமைப்பு பற்றி 2018இல் வெளிவந்த ஆய்வும் நோக்கத்தக்கது. நவீன கணனிப் பதிவேடு இருந்தும், சாதாரண வைத்திய சந்திப்பொன்றுக்கான கொடுப்பனவைப் பெறுவதற்கு 20.49 டொலரும், விடுதியில் தங்கிச் செய்யும் சத்திரசிகிச்சைக்கு 215.10 டொலரும் செலவாயின.

இம்முரண்பாட்டை விளங்கிக்கொள்ள 'மூலதனம்' இரண்டாம் பாகம் துணைபுரிகின்றது. அங்கு மார்க்ஸ் சுற்றோட்டச் செலவுகளை வேறுபடுத்தி நோக்குகின்றார். வாங்கல் விற்றலிற் செலவாகும் உழைப்பு பெறுமதியை ஆக்குவதில்லை. கணக்குவைப்போ, உற்பத்தி சமூகமயமாகுந்தோறும் மேலும் இன்றியமையாததாகின்றது. நோயையும் சிகிச்சையையும் பதிவுசெய்தல் எச்சமூகத்துக்கும் வேண்டிய கணக்குவைப்பாகும். முன்னனுமதி, குறியீட்டுப் பேரம், நிராகரிப்பு, மேன்முறையீடு என்பன யார் பணம் கொடுப்பது என்னும் பூசலின் செலவுகளாகும். கணனி இரண்டையும் மலிவாக்கிற்று. பூசலே இலாபத்தின் ஊற்றாக இருக்குமிடத்து, மலிவான ஆயுதம் பூசலைத் தணிப்பதில்லை, அதனைப் பெருக்குகின்றது.

ஒருமைப்படுத்தலின் பயன் யாரிடம் குவிந்தது என்பதை 2024 பெப்ரவரி நிகழ்வு காட்டிற்று. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,500 கோடி மருத்துவக் கொடுக்கல் வாங்கல்களைக் கையாண்ட சேஞ்ச் ஹெல்த்கெயர் என்னும் நிறுவனத்தின் கணனிகள் கப்பம் கோருவோரால் முடக்கப்பட்டன. நாடெங்கும் வைத்தியசாலைகளும் சிறு சிகிச்சை நிலையங்களும் வாரக்கணக்கிற் கொடுப்பனவின்றித் தவித்தன. அந்நிறுவனம் 2022 முதல், நாட்டின் மிகப்பெரிய காப்புறுதிக் குழுமமான யுனைற்றெட்ஹெல்த்தின் உடைமையாகும்.

எனவே கணனியை மறுப்பது நம் நோக்கமன்று. பல கம்பனிகளின் கோரிக்கைகளை விரைவாக அனுப்புவது ஒரு சேமிப்பு. அக்கோரிக்கைகளின் தேவையையே நீக்குவது மற்றொன்று. முன்னையதைப் பொறி தரும். பின்னையது, மருத்துவத்தை உரிமையாக ஏற்கும் சமூக உறவுகளாலேயே கைகூடும்.