மின்தடை

நாளிதழில் "நாளை மின்தடை" என்றால் கரண்ட் இருக்காது என்று பொருள். அதற்கு மின்வெட்டு என்ற தெளிவான சொல் இருக்கிறது, அதையே எழுதலாம். இயற்பியலில் மின்தடை என்பது, ஒரு பொருள் தன் வழியே பாயும் மின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு. அங்கே ஓட்டம் நின்றுவிடுவதில்லை. மட்டுப்படுகிறது, மின்னாற்றல் வெப்பமாகிறது. இஸ்திரிப் பெட்டி சுடுவது இப்படித்தான்: 230 வோல்ட்டில் 1000 வாட் பெட்டியின் நிக்ரோம் கம்பிக்குச் சூடான நிலையில் மின்தடை ஏறக்குறைய 53 ஓம். 1827-இல் தம் விதியை நூலாக வெளியிட்ட ஜெர்மானியர் கேயார்க் ஓம் பெயரே அலகுக்கும்.

'உடு' உடையானதுபோல 'தடு' தடையாயிற்று. மின்தடை, பண்பின் பெயர். அந்தப் பண்புக்காகவே சுற்றில் பொருத்தும் உறுப்பு மின்தடையம். இலங்கை வழக்கில் தடையி. பண்பையும் உறுப்பையும் ஒன்றாக்கி எழுதினால் மாணவர் குழம்புவார்.