தேயிலைப் பொதியின் இரு முனைகள்

கனடாவில் பழைய ஹொக்கி அட்டைகளைச் சேகரிப்போர் மத்தியில் 'சலாடா வில்லைகள்' என்பது நன்கு அறிமுகமான பெயர். அது நம் மலையகத் தேயிலையோடு தொடர்புடைய பெயர் என்பதை நம்மவர் பலர் அறியார்.

ஹொக்கி வீரர்களின் படங்கள் கொண்ட அட்டைகள் கனடாவில் 1910-11 பருவத்தில் சிகரெட்டுகளுடன் வழங்கப்பட்டன. பின்னர் அவை சூயிங்கத்துடன் வந்து சிறுவர் கைகளைச் சேர்ந்தன. 1951-52இல் பார்க்ஹர்ஸ்ட் நிறுவனம் வெளியிட்ட 105 அட்டைகளில் மொறிஸ் ரிச்சர்ட், கோர்டி ஹவ் ஆகியோரின் அட்டைகள் இன்று பெரும் மதிப்புடையவை. 1979-80ஆம் ஆண்டு வரிசையில் வந்த வெய்ன் கிறெட்ஸ்கியின் அட்டையொன்று 2021இல் 37.5 இலட்சம் அமெரிக்க டொலருக்கு விலைபோயிற்று. சிறுவர்கள் இவற்றைச் சைக்கிள் சில்லுக் கம்பிகளில் செருகினார்கள். சுவரில் எறிந்து விளையாடினார்கள். பெரும்பாலானவை அழிந்தமையாலேயே எஞ்சியவற்றுக்கு இந்த விலை.

இனி சலாடாவுக்கு வருவோம். பீற்றர் லார்கின் என்ற வணிகர் 1892இல் தொடங்கிய தேயிலை நிறுவனம் அது. தேயிலையைப் பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்து விற்ற காலத்தில், இலங்கைத் தேயிலையை உலோகத்தாள் பொதிகளில் அடைத்துக் கனடியருக்கு அறிமுகப்படுத்தியவர் அவர். அந்நிறுவனம் 1957இல் ஷிரிஃப் என்ற உணவு நிறுவனத்துடன் இணைந்தது. 1960களின் தொடக்கத்தில் அவர்களது உற்பத்திகளோடு ஹொக்கி வீரரின் படம் பதித்த வட்டமான பிளாஸ்டிக் வில்லைகள் வழங்கப்பட்டன. ஆறு அணிகள், அணிக்கு இருபது பேராக 120 வில்லைகள். ஒவ்வொன்றிலும் ஒரு முகம், ஒரு பெயர், ஓர் இலக்கம்.

இந்தத் தேயிலை வணிகத்தின் மறுமுனை கண்டிச் சீமை. கண்டியிலிருந்து தெல்தெனிய வழியாக மஹியங்கனைக்குச் செல்லும் வீதியில் ஹுன்னஸ்கிரிய இருக்கிறது. நக்கிள்ஸ் மலைத்தொடரின் சரிவில் அமைந்த ஊர். இத்தகைய மலைகளில் கொழுந்து பறிக்கத் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்டவர்களிடமும் ஒரு வட்ட வில்லை இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகர வில்லை முறை நடைமுறைக்கு வந்தது. தோட்டத்துக்குரிய குறியும் ஆளின் இலக்கமும் பொறித்த சிறு தகரத்தைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் அணிந்தபடியே அவர்கள் கடல் கடந்தார்கள். அதில் முகம் இல்லை, பெயரும் இல்லை.

'துண்டு' என்ற சீட்டும் இருந்தது. தொழிலாளியின் கடனைச் செலுத்துவோருக்கு அவரை விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதிக்கொடுக்கும் கடிதம் அது. கனடாச் சிறுவர்கள் அட்டைகளைக் கைமாற்றி மகிழ்ந்தார்கள். இங்கு ஒரு சீட்டின் பேரில் மனிதர்களே தோட்டம் விட்டுத் தோட்டம் கைமாறினார்கள். 1921இல்தான் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. சலாடா வில்லைகள் வெளிவந்த நாட்களிலும் அவர்கள் நிலை அதுவே. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேரின் கதி பின்னொரு நாளுக்கு ஒத்திவைக்கப்பட்டது. இங்கும் மனிதர்கள் எண்ணிக்கையாகவே நின்றார்கள்.

அட்டை சேர்ப்போரை நான் குறைகூறவில்லை. ஒரு நாடு தன் விளையாட்டு வீரர்களின் முகங்களைப் பேணி வைப்பது நல்ல பழக்கம். என் ஆதங்கம் வேறு. அட்டையின் விலையை உயர்த்திய அதே அழிவு நம் தகர வில்லைகளையும் துண்டுச் சீட்டுகளையும் தின்றுவிட்டது. கம்பளைக்கு அருகே பழைய லயன் அறைகளில் 2007இல் திறக்கப்பட்ட தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம், எஞ்சியவற்றைக் காக்கும் முயற்சிகளில் ஒன்று.

இதை வாசிப்போரில் மலையக வேர்கொண்டவர்கள் பலர் இருக்கக்கூடும். பாட்டியின் தகரப் பெட்டியில் பழைய சீட்டோ, துருவேறிய வில்லையோ கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். அது யாருடையது, எந்தத் தோட்டத்தில் வேலை செய்தவர் என்று ஒரு தாளில் எழுதி அதனுடன் வையுங்கள். பெயரில்லாத அந்த இலக்கத்துக்கு ஒரு பெயராவது கிடைக்கட்டும்.