பொய்மூட்டும் உயிருள்ள எலும்பும்

பிள்ளைகளின் எலும்பு முறிவைப் பற்றிப் பேசுவதென்றால் முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிட வேண்டும். ஓடி விளையாடும் வயதில் முன்கை எலும்பு முறிந்தால், அநேகமாக எல்லாப் பிள்ளைகளுக்கும் அது சில வாரங்களில் கூடிவிடும். மாவுக்கட்டுப் போட்டாலும் கூடும். அந்தக் காலத்தில் தோட்டப்புறங்களில் எண்ணெய் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்களே, அதிலும் பெரும்பாலும் கூடியது. கட்டியவருக்குக் கைராசிக்காரர் என்று பெயர் வந்தது. உண்மையில் அந்த ராசி பிள்ளையின் எலும்பில் இருந்தது.

ஆனால் கூடாத எலும்பும் உண்டு. மிகச் சில பிள்ளைகளுக்கு முன்கை எலும்பு மெல்ல வளைகிறது, பெரிய அடி இல்லாமலே ஒரு நாள் முறிகிறது, பிறகு எத்தனை மாதம் கட்டி வைத்தாலும் சேர மறுக்கிறது. முறிந்த இடம் மூட்டைப்போல் ஆடும். இதைத்தான் மருத்துவர்கள் பொய்மூட்டு என்கிறார்கள். முன்கையில் இது வரும் பிள்ளைகள் பெரும்பாலோருக்கு நியூரோஃபைப்ரோமடோசிஸ் என்ற மரபணு நோய் இருக்கும். ஜெர்மானிய மருத்துவர் ஃபான் ரெக்லிங்ஹாவுசன் 1882-ல் விரிவாக எழுதிய நோய் இது. உடலில் பால் கலந்த காப்பி நிறத்தில் பல தேமல்கள் இருப்பது அதன் அடையாளம்.

காலைவிடக் கையில் இந்தச் சிக்கல் கடினமானது. முன்கையில் ரேடியஸ், அல்னா என்று இரண்டு எலும்புகள். ஒன்றின்மேல் மற்றொன்று புரள்வதால்தான் உள்ளங்கையை மேலே காட்டவும் கீழே கவிழ்க்கவும் முடிகிறது. சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டு போவதும், கோயிலில் திருநீற்றுக்குக் கை நீட்டுவதும் இந்தப் புரளலால்தான். எலும்பு ஒட்டினால் மட்டும் போதாது, கையும் திரும்ப வேண்டும்.

பிள்ளையின் கையில் எலும்பை ஒட்டிப் பார்த்த பழைய முயற்சி ஸ்காட்லாந்தில் நடந்தது. கிளாஸ்கோவில் வில்லியம் மெக்யூவன் என்ற அறுவை மருத்துவரிடம் ஒரு சின்னப் பையன் வந்தான். சீழ் பிடித்து அவன் மேற்கை எலும்பே போய்விட்டது. ரிக்கெட்ஸ் நோயால் கால் வளைந்த பிள்ளைகளுக்கு மெக்யூவன் அப்போது காலை நிமிர்த்தும் அறுவை செய்துகொண்டிருந்தார். அதில் வெட்டி எடுத்த எலும்புத் துண்டுகளை அந்தப் பையனின் கையில் வரிசையாகப் பதித்தார். கை பயன்படும் கையாயிற்று. 1881-ல் அதை வெளியிட்டார். வேண்டாமென்று எறிய வேண்டிய துண்டுகள் இன்னொரு பிள்ளைக்குக் கையானது என்று படிக்கும்போது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

அது மேற்கை, காரணமும் சீழ். முன்கைப் பொய்மூட்டில் அதே வழி பலமுறை தோற்றது. இடுப்பிலிருந்தோ காலிலிருந்தோ எலும்பு எடுத்து வைப்பார்கள், தகடும் ஆணியும் போட்டு இறுக்குவார்கள். ஓராண்டில் வைத்த எலும்பு கரைந்து, பழைய இடைவெளி திரும்பிவிடும். மறுபடி அறுவை, மறுபடி கட்டு. ஒவ்வொரு முறையும் கை இன்னும் குட்டையாகும். ஒரு பிள்ளையின் பள்ளிப் பருவம் இப்படியே கழிவதைப் பெற்றோரின் இடத்திலிருந்து எண்ணிப் பாருங்கள்.

காரணம் இதுதான். இரத்த ஓட்டத்திலிருந்து பிரித்து எடுத்த எலும்புத் துண்டில் பெரும்பகுதி செத்துவிடும். அது வெறும் சாரம். சுற்றியுள்ள திசு அதில் ஏறிப் புது எலும்பைக் கட்ட வேண்டும். பொய்மூட்டைச் சுற்றியிருப்பதோ தடித்த நார்த்திசு. அதற்கு எலும்பு கட்டத் தெரியாது.

ஆகவே உயிரோடு இருக்கும் எலும்பையே கொண்டு வர வேண்டியிருந்தது. அதற்கு முன் மிகச் சிறிய இரத்தக் குழாய்களைத் தைக்கக் கற்றாக வேண்டும். 1960-ல் அமெரிக்காவில் ஜேக்கப்சன், சுவாரெஸ் இருவரும் நுண்ணோக்கியின் கீழ் அப்படித் தைத்துக் காட்டினார்கள். 1970களில் அந்தத் தையல் எலும்புக்கு வந்தது. காலின் வெளிப்பக்கச் சிற்றெலும்பான ஃபிபுலாவை, அதற்கு உணவூட்டும் இரத்தக் குழாயோடு வெட்டி எடுத்து, வேறிடத்தில் வைத்து, அங்குள்ள குழாயோடு தைப்பது. ஆஸ்திரேலியாவின் இயன் டெய்லர் குழுவினர் 1975-ல் காலுக்கு இதைச் செய்து வெளியிட்டார்கள். ஜப்பானில் உவேபாவும் ஃபுஜிகாவாவும் 1970களிலேயே செய்திருந்தார்கள், ஒன்பதாண்டு கண்காணித்த பிறகே 1983-ல் எழுதினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது நாம் பேசும் இதே நோயாளிதான்: நியூரோஃபைப்ரோமடோசிஸால் அல்னாவில் பொய்மூட்டு.

சிங்கப்பூருக்கும் இதில் பங்குண்டு. ராபர்ட் ஃபோ என்ற அறுவை மருத்துவர், ரேடியஸின் கீழ்ப்பகுதியை ஃபிபுலாவால் ஈடு செய்ததை 1979-ல் பிரிட்டிஷ் எலும்பு மருத்துவ இதழில் எழுதினார். அது கட்டிக்காகச் செய்தது, பொய்மூட்டுக்காக அல்ல. பிள்ளைகளின் கால் பொய்மூட்டில் இதே முறையைப் பயன்படுத்தியதைப் பற்றி 1985-ல் எழுதினார். வளர்முனையோடு எலும்பை மாற்றி வைத்து, அது கையில் தொடர்ந்து வளருமா என்றும் பின்னர் பார்த்தார். வளரும் பிள்ளைக்கு அது பெரிய கேள்வி அல்லவா?

உயிருள்ள எலும்பு, சாதாரண முறிவு கூடுவதைப் போலவே இருபுறமும் கூடுகிறது. நார்த்திசுவை நல்ல எலும்பு தெரியும்வரை முழுவதுமாக வெட்டி எடுத்துவிட்டு வைப்பதுதான் முக்கியம். அரிதான நோய் என்பதால் உலகெங்கும் இரண்டிரண்டாக, மூன்று மூன்றாக வந்த நோயாளிகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், முன்கையில் மற்ற முறைகளைவிட இதில்தான் எலும்பு அதிகமாகக் கூடியது. ஆனால் இலவசமாகக் கிடைக்கவில்லை. ஃபிபுலா எடுத்த காலில் கணுக்கால் வெளிப்பக்கம் சாயக்கூடும். ஃபின்லாந்தின் லாங்கன்ஷோல்ட் 1967-ல் சொன்னபடி, மிச்சமுள்ள ஃபிபுலாவை அடுத்த எலும்போடு பிணைத்து அந்தச் சாய்வைத் தடுக்கிறார்கள். கைக்காகக் காலையும் கவனிக்க வேண்டும்.

வலியில்லாமல், கை நன்றாக வேலை செய்யும் பிள்ளைக்கு அறுவையே செய்யாமல் கண்காணிப்பதும் உண்டு. நேர்மாறாக, பல அறுவைகள் தோற்ற கைக்குப் பழைய வழி ஒன்று மிஞ்சியிருக்கிறது. பிரிட்டிஷ் மருத்துவர் ஹே குரோவ்ஸ் 1921-ல் விவரித்த முறை அது: இரண்டு எலும்புகளையும் ஒன்றாக இணைத்து ஒற்றை எலும்புக் கையாக்கிவிடுவது. கை உறுதியாகும், பிடிக்கும், தூக்கும். திரும்பாது. எழுதவும் உண்ணவும் வசதியான ஒரு கோணத்தைத் தேர்ந்தெடுத்து, அதிலேயே நிறுத்தி வைக்கிறார்கள். மீதியைத் தோளைச் சாய்த்துச் செய்ய அந்தப் பிள்ளை பழகிக்கொள்கிறது.