விட்டுவைத்த மான்கள்

திருவொற்றியூர்த் தியாகராசப் பெருமானை வழிபட்டோர் சோமாஸ்கந்த வடிவத்தை அறிவர். அம்மையும் முருகக் குழந்தையும் உடனிருக்க வீற்றிருக்கும் அவ்வடிவில், இறைவனின் மேற்கைகளுள் ஒன்று மழுவை ஏந்தும். மற்றொன்று மானை ஏந்தும். சமய நூலார் இதற்குக் கூறும் பொருள் வேறு. வரலாறு பயிலும் மாணவருக்கு அவ்விரு கைகளும் இன்னொரு கேள்வியை எழுப்பக்கூடும். கருவியைக் கையில் உடையவன், எந்த உயிரை எடுப்பது, எதனை விட்டுவைப்பது என்பதை எவ்வாறு முடிவு செய்கிறான்?

மான் வேட்டையின் வரலாற்றில் இக்கேள்விக்குப் பல விடைகள் உண்டு. வேடர் எல்லோரும் கண்ணில் பட்ட மானையெல்லாம் வீழ்த்தியவர் அல்லர். எந்த மான் தக்கது, எது தகாதது என்று அவர்கள் வகுத்த அளவுகோல் காலந்தோறும் மாறியது. அம்மாற்றத்தை நம் நாட்டு மலை ஒன்றின் கதையைக் கொண்டே காணலாம்.

முதலில் நம் மொழியையே பார்ப்போம். மானை உற்று நோக்கிய மக்களிடத்தில்தான் மானுக்குப் பல பெயர்கள் தோன்றும். தொல்காப்பியத்தின் மரபியல், புல்வாய் என்னும் மானின் ஆணை இரலை என்றும் கலை என்றும் கூறலாம் என்கிறது. பெண்ணைப் பிணை என்கிறது. குட்டியை மறி என்கிறது. ஆண், பெண், இளமை என்னும் மூன்று வேறுபாடுகளும் அங்கே பெயர் பெற்று நிற்கின்றன. பெரும்பாணாற்றுப்படை காட்டும் எயினர் குடியிருப்பில், விளாமரத்தடியில் பார்வை மான் ஒன்று கட்டப்பட்டிருக்கிறது. பழக்கிய மானைக் காட்டிக் காட்டு மானை அருகே வரச்செய்யும் முறை அது. அங்கே வேட்டையின் நோக்கம் உணவு. வயிற்றுக்காக வேட்டையாடுபவனுக்குக் கொம்பின் நீளம் ஒரு பொருட்டன்று. கைக்கு எட்டியதே தக்க மான்.

இரண்டாவது அளவுகோல் துப்பாக்கியோடு வந்தது. திருவொற்றியூருக்குத் தெற்கே ஐந்தாறு கிலோமீட்டர் தொலைவில் இராயபுரம் இரயில் நிலையம் இருக்கிறது. தென்னிந்தியாவின் முதல் இரயில் 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் அங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரை ஓடியது. 1862இல் அத்தடம் மேற்குக் கடற்கரையிலுள்ள பேப்பூரை எட்டியது. 1873இல் சென்ட்ரல் நிலையம் எழும் வரை, இராயபுரமே சென்னையின் வாயிலாக விளங்கியது. கோடை வெயிலுக்கு அஞ்சி உதகைக்குப் புறப்பட்ட ஆங்கில அதிகாரிகள் தங்கள் பெட்டி படுக்கைகளோடு அந்நிலையத்தில் ஏறினார்கள். அவர்களுள் பலருடைய சாமான்களில் துப்பாக்கியும் ஒன்று. 1873இல் இரயில் மேட்டுப்பாளையத்தையும் தொட்டது. மலையடிவாரம் வரை செல்வது எளிதாயிற்று. மலைமேல் இருந்த விலங்குகளுக்கு அது நல்ல செய்தியாக இல்லை.

கோவையின் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரிக்கு ஏறிச் சென்ற பின்னரே அங்கு ஐரோப்பியக் குடியிருப்பு வளர்ந்தது. புல்வெளியும் சோலையும் மாறி மாறி அமைந்த அம்மலையில் கடமான் மிகுதியாகத் திரிந்தது. மிளா என்று தென்பாண்டி நாட்டார் கூறுவதும் அதனையே. பாறைச் சரிவுகளில் வரையாடு மேய்ந்தது. வந்தவர்கள் ஆண்டு முழுவதும் சுட்டார்கள். ஆண் என்றும் பெண் என்றும் பாராமல், சினையென்றும் குட்டியென்றும் நோக்காமல் சுட்டார்கள். ஐம்பது ஆண்டுகள் செல்வதற்குள் விலங்குகள் அருகிவிட்டன. அதனை முதலில் உணர்ந்து வருந்தியவர்களும் வேட்டைக்காரர்களே. ‘ஹாக்-ஐ’ என்ற புனைபெயரில் எழுதிய ரிச்சர்டு ஹாமில்டன் என்ற படை அதிகாரி அவர்களுள் ஒருவர்.

இதன் விளைவாக 1877இல் நீலகிரியில் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் ஒன்று தோன்றியது. 1879இல் சென்னை அரசாங்கம் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. வேட்டைக்கு விலக்கப்பட்ட பருவம் ஒன்று வகுக்கப்பட்டது. நாளடைவில் அனுமதிச் சீட்டும், ஒருவர் சுடக்கூடிய எண்ணிக்கைக்கு வரம்பும், கொம்பின் அளவுக்கு வரம்பும் வந்தன. பெண்மானைச் சுடுதல் தகாது. இளங்கலையைச் சுடுதல் தகாது. முதிர்ந்த கலையே தக்கது. இதுவே நெறியாயிற்று.

நெறியைச் சொல்லுதல் எளிது. காட்டில் அதனைக் கடைப்பிடிப்பது அரிது. விடியற்பனியில், இருநூறு அடிக்கு அப்பால், சோலையின் ஓரத்தில் ஒரு கடமான் சில கணங்களே நிற்கிறது. அது முதிர்ந்ததா, இளையதா என்பதை வேட்டைக்காரன் எப்படி அறிவான்?

கொம்பு முதற்சான்று. மாட்டுக்கும் ஆட்டுக்கும் இரலைக்கும் கொம்பு வாழ்நாள் முழுவதும் நிலைத்து நிற்கும். கடமானுக்கும் புள்ளிமானுக்கும் அவ்வாறன்று. பழைய கொம்பு உதிர்ந்து, புதிய கொம்பு மெல்லிய தோல் போர்த்து முளைக்கும். முற்றிய பின் தோல் உரியும். முதல் முறை தோன்றுவது கிளையற்ற ஒற்றை முனை. பின்னர் வளரும் கொம்புகளில் கிளைகள் தோன்றி, நிறைவளர்ச்சி பெற்ற கடமானுக்குப் பக்கத்திற்கு மூன்று முனையாக ஆறு முனைகள் அமையும். அதன் பின் வயது ஏறினாலும் முனை ஏறுவதில்லை. ஆகவே முனையை எண்ணி முதுமையை அறிய முடியாது. நடுவயதுக் கலைக்கும் ஆறு, கிழக்கலைக்கும் ஆறு.

அதனால் தேர்ந்த வேட்டைக்காரன் நீளத்தை மட்டும் நோக்குவதில்லை. கொம்பின் அடித்தண்டு பருத்திருக்கிறதா, அதன் மேற்பரப்பு கரடுமுரடாக இருக்கிறதா என்று பார்ப்பான். பின்னர் உடலைப் பார்ப்பான். முதிர்ந்த கலையின் நிறம் கறுத்திருக்கும். கழுத்துப் பிடரியில் மயிர் அடர்ந்திருக்கும். மிக மூத்ததற்கு முதுகு சற்றுத் தாழும், வயிறு தொங்கும், நடையில் துள்ளல் குறையும். உச்சநிலையைக் கடந்த கலைக்கு, புதிதாக முளைக்கும் கொம்பு முந்தியதை விடச் சிறுத்துப் போவதும் உண்டு. எனவே நீண்ட கொம்பு எப்போதும் முதுமைக்குச் சான்றாகாது. குறுகிய கொம்பு எப்போதும் இளமைக்குச் சான்றாகாது. சுடுவதற்கு முன் வேட்டைக்காரன் கொள்ளும் ஐயம் இதுதான். அந்த ஐயத்தைப் பொறுமையோடு தாங்கி, விசையிலிருந்து விரலை எடுத்தவனையே நல்ல வேட்டைக்காரன் என்று அவர்கள் தமக்குள் மதித்தார்கள்.

கலை கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அதனைப் பற்றிய பாதிச் செய்தி தரையில் எழுதப்பட்டிருக்கும். குளம்படியின் அகலமும் ஆழமும், சேற்றில் புரண்ட தடமும், மரப்பட்டையில் கொம்பைத் தேய்த்த வடுவின் உயரமும் அதன் எழுத்துகள். அவற்றைப் படிக்க வல்லவர்கள் குறும்பர், இருளர் முதலிய மக்கள். துரைமார் எழுதிய வேட்டை நூல்களில் துப்பாக்கியின் பெயரும் கொம்பின் அங்குலக் கணக்கும் பிழையின்றி இருக்கும். வழிகாட்டிய மனிதரோ பெரும்பாலும் ‘என் சிக்காரி’ என்ற அளவிலேயே நின்றுவிடுவர். எந்த மான் தக்கது என்று சுட்டிய விரல் அவருடையது. சுவரில் மாட்டிய தலைக்குக் கீழே பொறித்த பெயர் மற்றொருவருடையது.

சட்டத்திற்கும் இத்தகைய இரு முகங்கள் உண்டு. அது விலங்குகளைக் காத்தது, ஐயமில்லை. ஆயினும் யாருடைய வேட்டை முறையானது என்பதையும் அதுவே தீர்மானித்தது. விளையாட்டுக்காகச் சுட்டவர் சீட்டுப் பெற்ற கனவான் ஆனார். உணவுக்காகக் கண்ணி வைத்த மலைவாசி குற்றவாளி ஆனார். காட்டைக் காத்த வரலாற்றைப் படிக்கும்போது, அந்தக் காவலின் சுமை யார் தோளில் ஏறியது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இனி, பெரிய கொம்பையே நாடிய அளவுகோலின் குறையைக் காண்போம். 1892இல் இலண்டனில் ரோலண்ட் வார்டு என்பவர் உலக வேட்டை விலங்குகளின் கொம்பளவுகளைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். அது பல பதிப்புகள் கண்டது. அதில் தம் பெயர் இடம்பெற வேண்டும் என்பது பலருக்கு வேட்கையாயிற்று. அரை அங்குலம் கூடினால் புகழும் கூடியது. ஆனால் இயற்கையில் புலியும் செந்நாயும் பிடிப்பவை யாவை? குட்டியும் கிழடும் நோயுற்றதும் அவற்றுள் அடங்கும். மனிதனோ கூட்டத்தின் சிறந்த ஆணைத் தேடி எடுத்தான்.

இதன் விளைவு என்ன? கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் ராம் மலை என்னும் இடத்தில் பெருங்கொம்புச் செம்மறிகளை அறிவியலார் முப்பது ஆண்டுகள் ஒவ்வொன்றாக அடையாளமிட்டு ஆராய்ந்தனர். அங்கே கொம்பு குறிப்பிட்ட அளவுக்கு வளைந்த கடாவையே சுடலாம் என்பது விதி. விரைவில் பெரிய கொம்பு பெற்ற கடாக்கள், முழுமையாகச் சந்ததி ஈனும் பருவத்திற்கு முன்பே வீழ்ந்தன. சிறு கொம்புடையவை எஞ்சி இனத்தைப் பெருக்கின. நாளடைவில் அக்கூட்டத்தின் கொம்பும் உடல் எடையும் குறைந்துவிட்டதாக 2003இல் வெளியான ஆய்வு கூறியது. அக்குறைவில் பரம்பரையின் பங்கு எவ்வளவு என்பது பற்றிப் பின்னர் அறிஞரிடையே விவாதம் எழுந்தது. ஆயினும், சிறந்ததையே தொடர்ந்து எடுத்தால் எஞ்சுவது எது என்ற கேள்வி நிலைத்துவிட்டது. ஜெர்மனியில் ராயஸ்ஃபெல்டு முதலிய வனத்துறையினர் இதனை முன்பே எண்ணியிருந்தார்கள். நலிந்ததையும் தன் காலம் முடிந்ததையும் எடு. வளரும் நல்ல கலையை விட்டுவை என்பது அவர்கள் கற்பித்த முறை.

நீலகிரியில் இம்முறைக்கு மிக அருகில் வந்தது வரையாட்டு வேட்டை. வரையாடு மான் அன்று; ஆட்டினத்தைச் சேர்ந்தது. அதன் முதிர்ந்த கடாவுக்கு உடல் கறுத்து, முதுகில் வெண்சாம்பல் நிறத்தில் சேணம் இட்டது போன்ற பட்டை தோன்றும். ஆங்கிலேயர் அதனைச் ‘சேண முதுகு’ என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். அந்தச் சேணமே முதுமையின் முத்திரை. கொம்பை அளக்கத் தொலைநோக்கி தேவைப்படும் தொலைவிலும் அது கண்ணுக்குத் தெரியும். சேணமுள்ள கடாவைத் தவிர வேறெதையும் சுடலாகாது என்ற நெறி வேரூன்றியது.

விடுதலைக்குப் பின் அளவுகோல் மூன்றாம் முறையாக மாறியது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வரையாட்டையும் இரலையையும் முதல் அட்டவணையில் வைத்து முழுக்காவல் அளித்தது. எஞ்சிய விலங்குகளுக்கு இருந்த வேட்டைச் சீட்டு முறையும் 1991ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீங்கியது. ‘எந்தக் கலை சுடத்தக்கது?’ என்ற கேள்விக்கு இன்று சட்டம் தரும் விடை, ‘எதுவுமில்லை’ என்பதே.

அப்படியானால் அந்தப் பழைய கூர்ங்கண் வீணாயிற்றா? இல்லை. குன்னூரில் வழக்கறிஞராக இருந்த இ. ஆர். சி. டேவிதார், நீலகிரிச் சங்கத்தோடு நெருங்கிய தொடர்புடையவர். அவர் 1963இல் நீலகிரியின் வரையாடுகளை எண்ணினார். 1975இல் அவற்றின் வாழிடம் முழுவதையும் சுற்றி, சுமார் 2,200 இருக்கலாம் என மதிப்பிட்டார். பின்னர் இரவிகுளத்தில் ஆராய்ந்த கிளிஃபோர்டு ரைஸ் என்னும் அமெரிக்கர், ஆண்களை வயதுவாரியாகப் பகுத்தபோது முதிர்ந்தவற்றுக்குச் சேண முதுகு என்ற அந்த வேட்டைப் பெயரையே வழங்கினார். தமிழ்நாடு அரசு வரையாட்டுத் திட்டத்தை 2023இல் தொடங்கி, டேவிதாரின் நினைவாக அக்டோபர் 7ஆம் நாளை வரையாடு நாளாக அறிவித்தது. 2024இல் நடந்த ஒருங்கிணைந்த கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மட்டும் 1,031 வரையாடுகள் எனக் கணக்கிடப்பட்டது.

அக்கணக்கெடுப்பில் ஈடுபட்டவர் செய்வது என்ன? பனி விலகும் வரை காத்திருக்கிறார், சரிவை நோக்குகிறார், இது கடா, இது பெண், இது குட்டி, இது சேணமிட்ட முதியது என்று பிரித்தறிகிறார். வேட்டைக்காரன் செய்ததும் அதுவே. ஒரே பார்வை, ஒரே பொறுமை. வேறுபாடு இறுதிக் கணத்தில்தான் இருக்கிறது. முன்னவன் விசையை அழுத்தினான். பின்னவர் ஏட்டில் ஒரு கோடு இழுக்கிறார்.

மாணவர்களே, வேட்டைக்காரர்கள் செய்த அழிவை மறக்க வேண்டுவதில்லை. மலையை வெறுமையாக்கியவர்களும் அவர்களே. ஆனால் வரம்பு என்பது பிறர் கற்பிக்கும் முன் அவர்களுள் சிலருக்கே தோன்றியது; தாம் விரும்பிய பொருள் கண்முன் அழியக் கண்டபோது தோன்றியது. இன்னும் சற்று முன்னே தோன்றியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திருவொற்றியூர்க் கோயிலில் இறைவன் கையில் துள்ளும் மானை அடுத்த முறை நினைக்கும்போது, மற்றக் கையிலுள்ள மழுவையும் சேர்த்து நினையுங்கள். கருவி நம் கையிலும் இருக்கிறது. மானை எறிய அன்று. ஆற்றையும் கழியையும் காட்டையும் கையாள. எதை எடுக்கலாம் என்று கேட்குமுன், எதை விட்டுவைக்க வேண்டும் என்று கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும்.